புது த்ராட்டில் பாடி மாட்டியதும் ஐடிலிங் ஏறி இறங்குவது ஏன்?

கேள்வி: என் கார் 2015 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல். த்ராட்டில் பாடி (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வு உள்ள பாகம்) பழுதாகிப் புதிது போட்டோம். அன்றிலிருந்து சிக்னலில் நின்றால் ஆர்பிஎம் முள் 700-க்கும் 1500-க்கும் நடுவே ஏறி இறங்குகிறது. சில நேரம் வண்டி ஆஃப் ஆகிவிடுகிறது. ரோட்டில் ஓடும்போது குறையே இல்லை. ஸ்கேனரில் பி0507 காட்டியது. ஆக்சிஜன் சென்சாரை மாற்றிப் பார்க்கலாம் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா சார்?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நேற்றுவரை இல்லாத கோளாறு வேலை பார்த்த பிறகு வந்தால், கை பட்ட இடத்தில்தான் முதலில் தேட வேண்டும். பி0507 என்றால் ஐடிலிங், அதாவது ஆக்சிலரேட்டரில் கால் வைக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம், இருக்க வேண்டியதைவிட அதிகம் என்று பொருள். சூடான எஞ்சின் ஐடிலிங்கில் சுமார் 650 முதல் 850-க்குள் நிற்க வேண்டும். உங்களுக்கு 1500 வரை போகிறது என்றால் எங்கிருந்தோ கூடுதல் காற்று உள்ளே போகிறது.

முள் ஏன் ஆடுகிறது? ஆக்சிலரேட்டரில் கால் இல்லை, ஆனால் ஆர்பிஎம் ஏறியிருக்கிறது. வண்டி இறக்கத்தில் உருள்கிறது என்றுதான் ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) எடுத்துக்கொள்ளும், பெட்ரோலை நிறுத்திவிடும். ஆர்பிஎம் விழும். விழுந்ததும் மறுபடி பெட்ரோல் வரும், மறுபடி ஏறும். விழும்போது பிடிக்க முடியாமல் போனால் ஆஃப். ரோட்டில் போகும்போது எஞ்சின் இழுக்கும் காற்று மிக அதிகம் என்பதால் இந்தக் கொஞ்சக் காற்று அங்கே தெரிவதில்லை.

கூடுதல் காற்றுக்கு இரண்டு காரணங்களை நான் சந்தேகிப்பேன். ஒன்று கசிவு. த்ராட்டில் பாடியும், காற்றை சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் குழாயான மேனிஃபோல்டும் சேரும் இடத்தில் ஒரு ரப்பர் சீல் உண்டு. பழைய சீலையே திரும்பப் போட்டிருந்தால் அது தட்டையாகி இறுகிப் போயிருக்கும். புதிதே போட்டிருந்தாலும் பள்ளத்தில் சரியாக உட்காராமல் ஓரிடத்தில் பிதுங்கி நிற்கலாம். பிளாஸ்டிக் மேனிஃபோல்டில் ஒரு போல்ட்டை மட்டும் முதலில் முறுக்கி இறுக்கினாலும் முகம் சாய்ந்து இடைவெளி விழும்; குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறுக்க வேண்டும். வேலையின்போது கழற்றிய பிசிவி ஓஸ் (எஞ்சினுக்குள் சேரும் ஆவியை மேனிஃபோல்டுக்குக் கொண்டுபோவது), பிரேக் பூஸ்டர் ஓஸ் (பிரேக் அழுத்த உதவும் பூஸ்டருக்குப் போவது) இரண்டையும் பாருங்கள். பழைய ரப்பர் வளைவின் அடிப்பக்கம்தான் விண்டிருக்கும், மேலே இருந்து பார்த்தால் தெரியாது. விரலால் தடவிப் பாருங்கள். பிரேக் பெடல் கல்லு மாதிரி இறுகியிருந்தால் பூஸ்டர் ஓஸைச் சரிசெய்யாமல் வண்டியை எடுக்கவே கூடாது.

எஞ்சினை ஓட விட்டு, ஒரு நீள ரப்பர் ஓஸின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை இணைப்புகள் ஓரமாக நகர்த்துங்கள். கசியும் இடத்தில் 'உஸ்' என்ற சத்தம் தெளிவாகக் கேட்கும். ஃபேனிலும் பெல்ட்டிலும் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயை இணைப்புகளில் அடித்துப் பார்ப்பவர்களும் உண்டு. சூடான எஞ்சினில் அது தீப்பிடிக்கும், வேண்டாம். நல்ல ஒர்க்ஷாப்பில் புகை விட்டுச் சோதிப்பார்கள், அதுதான் உறுதி.

கசிவு இல்லையென்றால் அடுத்தது ரீலேர்ன். பழைய த்ராட்டிலில் கரி படிந்து காற்று வழி குறுகியிருக்கும். அதற்கு ஏற்ப ஐடிலிங்கில் வால்வை எவ்வளவு திறப்பது என்று ஈசியு பழகி வைத்திருக்கிறது. சுத்தமான புது பாடியிலும் அதே அளவு திறந்தால் காற்று அதிகம் போகும். எஞ்சினை நன்கு சூடாக்கி, ஏசி, லைட் எல்லாம் அணைத்து, ஸ்கேனரில் உள்ள த்ராட்டில் ரீலேர்ன் வசதியால் புது அளவைப் பழக்க வேண்டும். ஸ்கேனர் இல்லாமல் செய்யும் முறை வண்டிக்கு வண்டி மாறும். சர்வீஸ் மேனுவல் சொல்கிறபடிதான் செய்ய வேண்டும். வரிசை முக்கியம்: கசிவை அடைக்காமல் ரீலேர்ன் செய்தால் கசிவோடு சேர்த்துத்தான் ஈசியு பழகும், பிறகு கசிவை அடைத்ததும் வேறு கோளாறு கிளம்பும்.

ஆக்சிஜன் சென்சார் கெட்டால் மைலேஜ் குறையும், பெட்ரோல்-காற்றுக் கலவை மாறும். வேலை பார்த்த அன்றே ஐடிலிங் 1500-க்கு ஏறுவதற்கு அது காரணமாக இருப்பது அரிது.

இரண்டும் சரியாக இருந்தும் ஆட்டம் நிற்கவில்லையா? புது பாடியின் பார்ட் நம்பரைப் பழையதோடு ஒப்பிடுங்கள். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் உள்விட்டமோ மோட்டாரோ மாறியிருக்கும் பாகங்கள் கடையில் உண்டு. அதனால் பழைய பாடியை இப்போதே பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.