சளி போயாச்சு, இருமல் ஏன் போகவில்லை?

கேள்வி: எனக்கு வயது 46. ஐந்து வாரத்துக்கு முன் காய்ச்சல், சளி வந்து சரியானது. வறட்டு இருமல் மட்டும் விடவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். ஆனால் மிளகாய் நெடி பட்டால், ஏன், சத்தமாகச் சிரித்தால்கூட இருமுகிறேன். நுரையீரல் கெட்டுவிட்டதா?

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், கோளாறு நுரையீரலில் இல்லை, அதற்குக் காவல் நிற்கும் நரம்பில்தான்.

மூச்சுக்குழாயின் உட்சுவரில் வேகஸ் நரம்பின் நுனிகள் பரவியிருக்கின்றன. சில நுனிகள் நுரையீரல் எவ்வளவு விரிகிறது என்று பார்த்து, மூச்சிழுப்பை எங்கே நிறுத்துவது என மூளைத்தண்டுக்குச் சொல்கின்றன. வேறு சில, தூசு, புகை, புரையேறிய தண்ணீர் எது வந்தாலும் இருமலைக் கிளப்பிவிடும். மிளகாயின் கேப்சைசினை உணரும் புரதமும் இவற்றில் சிலவற்றில் உண்டு. அந்தப் புரதத்தைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. வைரஸ் காய்ச்சல் இந்த நுனிகளை உசுப்பிவிட்டுப் போகிறது. முன்பு கண்டுகொள்ளாமல் விட்ட குளிர்காற்றுக்கும் சிரிப்புக்கும் இப்போது அலறுகின்றன. அடங்க எட்டு வாரம்கூட ஆகலாம். ஆன்டிபயாடிக் இதற்கு உதவாது.

இருமல் முட்டும்போது ஒரு வாய் தண்ணீர் குடித்து விழுங்குங்கள், மூக்கால் மெதுவாக மூச்சு விடுங்கள். கொசுவத்தி, சாம்பிராணிப் புகை கொஞ்ச நாளைக்கு வேண்டாம். காது குடைந்தால் இருமல் வருகிறதா? அதுவும் வேகஸின் கிளை செய்யும் வேலைதான், பயப்படாதீர்கள்.

ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அவை சிலருக்கு இதே வறட்டு இருமலைத் தரும். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். அப்புறம், சளிப் பரிசோதனை செய்யவில்லையென்றால் கேட்டுப் பாருங்கள். இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்றால் காசநோய் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இது இலவசம்.

படுத்தால் மூச்சு முட்டுகிறது, கால் வீங்குகிறது என்றால் கதையே வேறு. காற்றறைகளை ஒட்டிய நுண் ரத்தக்குழாய்களின் அருகே 'ஜே ஏற்பிகள்' என்ற நரம்பு நுனிகள் உள்ளன. அவற்றைக் கண்டறிந்தவர் டெல்லியில் பணியாற்றிய அவதார் சிங் பெயிண்டால். இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோக்கும்போது இவை தூண்டப்பட்டு, மூச்சு வேகமாகவும் மேலோட்டமாகவும் ஓடும். அப்படி இருந்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ எட்டு வாரக் கணக்கெல்லாம் பார்க்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.