செலவுக் கணக்கு – கடிதம்

அன்புள்ள ஐயா,

எட்டு மாதமாகத் தினமும் இரவு செலவுக் கணக்கு எழுதுகிறேன். பால், கீரை, ஆட்டோ எல்லாம். ஒரு ரூபாய்கூட மிச்சமானதாகத் தெரியவில்லை. "ஜிபேயில்தான் எல்லாம் இருக்கே, இது எதுக்கு?" என்கிறார் கணவர். தொடரவா, விட்டுவிடவா?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

உங்கள் கணவர் சொல்வது பாதி சரி. யாருக்குக் கொடுத்தோம் என்று ஜிபே சொல்லும், எதற்கு என்று சொல்லாது. போன மாதம் என் போனிலிருந்து தெருமுனை மளிகைக் கடைக்கு 17 தடவை பணம் போயிருக்கிறது. கறிவேப்பிலை வாங்கப் போய் சிப்ஸோடு திரும்பியது மட்டும்தான் நினைவிருக்கிறது. தினமும் 'சிப்ஸ் 40' என்று எழுத வேண்டியிருந்தால் கை கூசியிருக்கும்.

காந்தி லண்டனில் படித்தபோது பஸ் கட்டணம், தபால்தலை, பத்திரிகைக் காசு வரை எழுதி, படுக்கும் முன் இருப்பைச் சரிபார்ப்பார். எழுதியதோடு விடவில்லை. ஒரு குடும்பத்தோடு தங்கியிருந்தவர் தனி அறை பார்த்துக்கொண்டார், அதுவும் வேலையுள்ள இடத்துக்கு அரை மணி நேரத்தில் நடந்து போகிற தூரத்தில். வண்டிச் செலவு ஒழிந்தது. உங்கள் ஆட்டோ கணக்கைக் கூட்டிப் பார்த்தீர்களா? எழுதுகிற பலரும் கூட்டுவதில்லை.

என் அம்மா பிள்ளையார் சுழி போட்டுத்தான் கணக்கைத் தொடங்குவாள். ஒருநாள் 11 ரூபாய் இடித்தது. சுருக்குப்பையைக் கொட்டி, அஞ்சறைப்பெட்டியைக் கவிழ்த்து, பத்தரை மணிவரை யாரையும் தூங்கவிடவில்லை. கடைசியில் 'விட்டுப்போனது 11' என்று எழுதி விளக்கை அணைத்தாள். அப்பா மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அந்த மாதத்திலிருந்து கணக்கு நோட்டில் அவர் பீடிக்குத் தனி வரி வந்தது.

இப்படி உயிரை வாங்கிக்கொள்ள வேண்டாம். குடும்பச் செலவைக் கணக்கெடுக்கும் அரசின் தேசிய மாதிரி ஆய்வுக்கு வீடு தேடி வருகிறவர்களே காய்கறி, மீன், முட்டைக்கு 7 நாள் செலவைத்தான் கேட்கிறார்கள். அரிசிக்கு 30 நாள். துணிமணி, பள்ளிக் கட்டணத்துக்கு 365 நாள். சின்னச் செலவு சீக்கிரம் மறந்துபோகும், எப்போதாவது வரும் பெரிய செலவு நினைவில் நிற்கும். சில்லறைச் செலவை வருஷத்தில் இரண்டு மாதம் எழுதினால் போதும், வீட்டின் போக்கு தெரிந்துவிடும். பள்ளிக் கட்டணம், வண்டி இன்சூரன்ஸ் மாதிரி 'இந்த மாதம் மட்டும்' என்று வந்து நிற்பவற்றை விடாமல் எழுதுங்கள்.

மொய்யையும்தான். திருப்பிச் செய்ய வேண்டிய கல்யாணம் வரும்போது அந்த நோட்டை உங்கள் கணவரே வந்து கேட்பார்.