பிரைமரி போட்டியில் எல்லா வேட்பாளர்களையும் ஊடகங்கள் சமமாக நடத்துகின்றனவா?

இல்லை என்பதே என் பதில். பாரபட்சம் என்றவுடன் நாம் தேடுவது புகழ்ச்சியையும் இகழ்ச்சியையும்தான். ஆனால், ஒருவரைப் போட்டியாளராகவே கணக்கில் கொள்ளாமல் விடுவது அவற்றைவிட ஆழமான காயம் என்பதை, 2012இல் அமெரிக்கக் குடியரசுக் கட்சி தன் அதிபர் வேட்பாளரை மாநிலம் மாநிலமாகத் தேர்ந்தெடுத்த பிரைமரி போட்டியை நாள்தோறும் பின்தொடர்ந்தபோது உணர்ந்தேன்.

அந்த ஆண்டு ஜனவரி 3 அன்று அயோவா மாநிலத்தில் காக்கஸ் எனப்படும் கட்சிக் கூட்டங்கள் நடந்தன. முன்னாள் செனட்டர் ரிக் சான்டோரம், கையில் அதிகப் பணமின்றி, அந்த மாநிலத்தின் 99 மாவட்டங்களுக்கும் நேரில் சென்று ஆதரவு திரட்டியிருந்தார். ஆயினும் கருத்துக்கணிப்புகளில் மாதக்கணக்கில் பின்தங்கியிருந்ததால், விவாத மேடைகளின் ஓரத்திலேயே அவர் நிற்க நேர்ந்தது. கணிப்பில் பின்தங்கியவரைத் தொலைக்காட்சி அதிகம் காட்டுவதில்லை. திரையில் தோன்றாதவருக்கு நன்கொடை சேர்வதில்லை. நன்கொடை சேராதவர் கணிப்பில் ஏறுவதும் அரிது. இந்தச் சுழலிலிருந்து அவர் டிசம்பர் இறுதியில்தான் மீண்டார்.

வாக்கு எண்ணிக்கை நள்ளிரவைத் தாண்டியும் நீண்டது. மாசசூசெட்ஸின் முன்னாள் ஆளுநர் மிட் ராம்னி 8 வாக்கு வித்தியாசத்தில் முந்தியதாகக் கட்சி அறிவித்தபோது சென்னையில் நண்பகல் கடந்திருந்தது. ஏறத்தாழ 1,20,000 பேர் வாக்களித்த போட்டியில், இன்னும் சான்றளிக்கப்படாத அந்த 8 வாக்குகளை வைத்து யாரையும் வெற்றியாளர் என்று அழைப்பது பொறுப்பான செயல் அல்ல என்று அன்றே நினைத்தேன். ஆனால் வெற்றியாளர் என்ற பெயர் ராம்னிக்கு நிலைத்துவிட்டது. ஜனவரி 10 அன்று நியூ ஹாம்ப்ஷயரிலும் அவர் வென்றதும், அதிபர் பதவியில் இல்லாத குடியரசுக் கட்சி வேட்பாளர் ஒருவர் இவ்விரு மாநிலங்களையும் கைப்பற்றியது இதுவே முதல்முறை என்று செய்திகள் முழங்கின.

சான்றளிக்கப்பட்ட கணக்கு ஜனவரி 19 அன்று வெளியானது. 8 வாக்குச்சாவடிகளின் முடிவுகள் கிடைக்காத நிலையில், சான்டோரம் 34 வாக்குகள் முன்னிலையில் இருந்தார். அந்தச் செய்தி வெளிவந்த நாளோ அவருக்குச் சாதகமாக இல்லை. அன்றே டெக்சாஸ் ஆளுநர் ரிக் பெர்ரி போட்டியிலிருந்து விலகி, மற்றொரு வேட்பாளரான நியூட் கிங்ரிச்சுக்கு ஆதரவு தெரிவித்தார். அன்றிரவு தென் கரோலினாவில் நடந்த விவாதத்தில், கிங்ரிச்சின் முன்னாள் மனைவி அளித்த பேட்டியைப் பற்றியே நெறியாளர் ஜான் கிங் முதல் கேள்வியைக் கேட்டார். கிங்ரிச் ஊடகங்களைக் கடுமையாகச் சாட, அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. இரண்டு நாள் கழித்து அந்த மாநிலத்தில் வென்றவர் அவரே. சக வேட்பாளர்களோடு மோதுவதைவிட நெறியாளரோடு மோதுவது அதிகப் பலன் தரும் என்பதை அந்த இரவு காட்டிவிட்டது. இது நல்ல முன்னுதாரணம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஜனவரி 4ஆம் தேதி காலையில் சான்டோரமை வெற்றியாளராக அறிவித்திருந்தால் அவரே இறுதியில் வேட்பாளராகியிருப்பார் என்று நான் வாதிடவில்லை. ஆனால், புதிய நன்கொடையாளர்கள் தேடி வரக்கூடிய பதினாறு நாள்கள் அவர் கையைவிட்டுப் போயின. அவை திரும்பக் கிடைக்கவில்லை.

இவரைவிடவும் புறக்கணிக்கப்பட்டவர் அதே போட்டியில் இருந்த ரான் பால். 2011 ஆகஸ்டில் அயோவாவின் ஏம்ஸ் நகரில் நடந்த மாதிரி வாக்கெடுப்பில், முதலிடம் பெற்ற சக வேட்பாளர் மிஷெல் பாக்மனைவிட அவர் 152 வாக்குகளே குறைவாகப் பெற்றிருந்தார். அடுத்த நாளின் பேச்செல்லாம் பாக்மன், ராம்னி, அப்போதுதான் களமிறங்கிய பெர்ரி ஆகிய மூவரைப் பற்றியே இருந்தது. ஜனவரி காக்கஸில் ரான் பால் மூன்றாமிடம் பெற்ற பிறகும் அவருடைய ஆதரவாளர்கள் அடுத்தடுத்த கட்சிக் கூட்டங்களுக்கு விடாமல் சென்று பிரதிநிதி இடங்களைப் பிடித்தார்கள். 2012 ஆகஸ்டில் டாம்பா நகரில், வேட்பாளரை முறைப்படித் தேர்ந்தெடுக்கக் கூடிய கட்சியின் தேசிய மாநாட்டில், அயோவாவின் பிரதிநிதிகளில் பெரும்பாலோர் வாக்களித்தது ரான் பாலுக்குத்தான்.