ஜிப்ஸிக்கு எந்தக் கேம் ஷாஃப்ட்?

கேள்வி: 1298 சிசி எம்பிஎஃப்ஐ (கம்ப்யூட்டர் சொல்லும் அளவில் பெட்ரோல் பீச்சும்) மாருதி ஜிப்ஸி வைத்திருக்கிறேன். டேப்பட் சத்தம் அதிகமாகித் திறந்து பார்த்ததில், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஷாஃப்டில் இரண்டு மூக்குகள் (லோப்கள்) தேய்ந்திருந்தன. "272 டிகிரி கேம் போடுங்கள், இழுவை கூடும், மற்றதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்" என்கிறார் மெக்கானிக். கேமோடு வரும் அளவு அட்டையில் (கேம் கார்டு) லோப் இடைக்கோணம் 106 டிகிரி என்று இருக்கிறது. நீடாமங்கலம் ரோட்டிலும் பாமணி ஆற்றுக் கரையிலும்தான் ஓட்டுகிறேன். அறுவடையில் மூட்டை ஏற்றுவேன். போடலாமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: அந்தக் கேம் வேண்டாம். உங்கள் ஓட்டத்துக்கு அது நேர் எதிரானது.

காரணம் ஓவர்லேப், அதாவது இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம். கார்டை வைத்து நீங்களே போட்டுப் பார்க்கலாம். 272 என்பது ஒரு வால்வு திறந்திருக்கும் காலம், கிராங்க் சுழலும் டிகிரியில்; இடைக்கோணம் என்பது இன்டேக் மூக்கின் உச்சிக்கும் எக்ஸாஸ்ட் மூக்கின் உச்சிக்கும் நடுவிலுள்ள கோணம். இரண்டு பக்கமும் 272 டிகிரி என்றால், அதிலிருந்து இடைக்கோணத்தின் இரு மடங்கு 212-ஐக் கழியுங்கள். 60 டிகிரி வரும். 248 டிகிரி, 110 இடைக்கோணம் உள்ள சாதுவான கேமில் அது 28தான்.

உங்கள் எஞ்சினில் காற்றை நேரடியாக அளக்கும் கருவி கிடையாது. காற்று எஞ்சினுக்குள் போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை மேப் சென்சாரில் படித்து, இவ்வளவு காற்று போயிருக்கும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கு கம்பெனிக் கேமுக்காக எழுதியது. ஓவர்லேப் கூடினால் ஐட்லிங்கில் எரிந்த புகை இன்டேக் பக்கம் திரும்பி வரும், மேனிஃபோல்டில் வேக்குவம் (உறிஞ்சும் விசை) விழும். கம்ப்யூட்டருக்கோ லோடு ஏறியதாகத் தெரியும், பெட்ரோலைக் கூட்டும். எரியாத காற்றும் எக்ஸாஸ்டில் நழுவுவதால் ஆக்சிஜன் சென்சார் 'பெட்ரோல் போதவில்லை' என்று சொல்லும், இன்னும் கூட்டும். பிளக்கில் கரி, ஆடும் ஐட்லிங், புகைச் சோதனையில் தோல்வி. பிரேக் பூஸ்டரும் அதே வேக்குவத்தை நம்பியிருப்பதால் பெடல் கல்லாகும். மூட்டை ஏற்றிய வண்டிக்கு இது ஆபத்து.

கம்ப்யூட்டர் தன்னைத் திருத்திக்கொள்ளும் என்பது பாதி உண்மை. அந்தத் திருத்தத்துக்கு எல்லை உண்டு. ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கும்போது ஆக்சிஜன் சென்சார் சொல்வதை அது கணக்கில் எடுக்காது. உயர் வேகத்தில் புதுக் கேம் அதிகக் காற்றை இழுத்தால் பெட்ரோல் குறைந்து, நாக்கிங் (எஞ்சினுக்குள் தட்டும் சத்தம்) விழும். இதைத் தீர்க்கக் கம்ப்யூட்டரில் இருக்கும் பெட்ரோல் அளவுக் கணக்கை ரீ-டியூன் செய்யவேண்டும்.

அதையும் செய்தாலும் பலன் 5000 ஆர்பிஎம்முக்கு மேல்தான். ஆற்றங்கரையில் நீங்கள் ஓட்டுவது 1500-லிருந்து 3000 வரை. இன்டேக் வால்வு தாமதமாக மூடுவதால் அந்த இடத்தில் இழுவை குறையத்தான் செய்யும். ஸ்டாண்டர்டு கேமையே புதிதாக வாங்குங்கள். ஆசை இருந்தால் அதைவிட 8 டிகிரிக்கு மேல் போகாமல், இடைக்கோணம் 110-க்குக் குறையாமல் பாருங்கள். இரண்டு கார்டை ஒப்பிடும்போது, இரண்டும் ஒரே லிஃப்டில் (வால்வு எழும் உயரத்தில்), உதாரணமாக 1 மி.மீ.-இல், அளந்தவையா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் ஒப்பீடே பொய்.

மூக்கு ஏன் தேய்ந்தது என்று பார்க்காமல் எதையும் பூட்டாதீர்கள். கேமின் தள்ளலை வால்வுக்குக் கடத்தும் கை ராக்கர்; அது மாட்டியிருக்கும் ராக்கர் ஷாஃப்டின் ஆயில் துளைகளைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யுங்கள். ராக்கரின் கேம் தொடும் முகத்தில் நகத்தை ஓட்டுங்கள். வரி தட்டினால் அந்த ராக்கரை மாற்றவேண்டும். பழைய ராக்கர் புதுக் கேமைச் சில நாளில் தின்றுவிடும். மூக்கில் அசெம்பிளி பேஸ்ட் தடவி, முதல் ஸ்டார்ட்டில் ஐட்லிங்கில் விடாமல் 20 நிமிடம் 2000-க்கு மேல் வைத்திருங்கள்.

கேள்வி: ஸ்டாண்டர்டு கேம்தான் போட்டேன். ஆனாலும் ஐட்லிங்கில் வேக்குவம் கேஜில் 13 அங்குலம்தான் (பாதரச அளவில்) காட்டுகிறது. கேம் சரியில்லையா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: கேமைக் குறை சொல்வதற்கு முன், கிராங்கையும் கேமையும் இணைக்கும் டைமிங் பெல்ட்டைப் பாருங்கள். ஒரு பல் தள்ளிப் பூட்டினாலே கிராங்க் கணக்கில் சுமார் 15 டிகிரி பிசகும். டெல்டா கடல் மட்டத்தை ஒட்டியே இருப்பதால் நல்ல எஞ்சின் 18 முதல் 20 வரை காட்டவேண்டும்; உயரமான இடத்தில் வேக்குவம் குறைவாகக் காட்டும் என்று மலைப்பகுதிக்காரர்கள் சொல்லும் காரணம் உங்களுக்குப் பொருந்தாது. பெல்ட்டின் டைமிங் குறி சரியாக இருந்தால், டேப்பட் இடைவெளியைக் குளிர்ந்த எஞ்சினில் மறுபடி வையுங்கள். இறுக்கமாக வைத்த வால்வு முழுதாக மூடாது. அதன்பின் இன்டேக் கேஸ்கெட்டைச் சுற்றிச் சோப்பு நீர் தெளியுங்கள். ஐட்லிங் மாறும் இடத்தில்தான் காற்று உள்ளே நுழைகிறது.