புவிக்கருவில் கந்தகம்: கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

புவிக்கரு என்றால் இரும்பும் நிக்கலும் என்றே படித்திருக்கிறேன். அங்கே கந்தகமும் உண்டு என்கிறீர்கள். 2900 கிலோமீட்டர் ஆழத்துக்கு யாரும் போய்ப் பார்க்கவில்லையே, எப்படிச் சொல்ல முடிகிறது? எரிமலை வாயில் மஞ்சளாகப் படிவது அங்கிருந்து வருவதா? மற்ற கோள்களிலும் இப்படித்தானா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

எரிமலைக் கந்தகம் புவிக்கருவிலிருந்து வருவதல்ல. ஜாவாவின் காவா இஜெனில் தொழிலாளர்கள் உடைத்துச் சுமக்கும் மஞ்சள் கட்டிகள் கவசத்திலிருந்தும் (கருவைச் சூழ்ந்த தடித்த பாறை அடுக்கு) அங்கே அமிழும் கடலடித் தட்டிலிருந்தும் வந்தவை.

திரவ வெளிக்கரு தூய இரும்பைவிட 5 முதல் 10 சதவீதம் அடர்த்தி குறைந்தது. நிலநடுக்க அலைகளை வைத்து 1952லேயே அமெரிக்கப் புவி இயற்பியலாளர் பிரான்சிஸ் பிர்ச் இதை விளக்கிவிட்டார். இலேசான தனிமம் ஏதோ கலந்திருக்கிறது. ஆனால் சிலிக்கனும் ஆக்சிஜனும்கூட அதே வேலையைச் செய்யும் என்பதால் அடர்த்தியை மட்டும் வைத்துக் கந்தகத்தின் பங்கைச் சொல்ல முடியாது.

துத்தநாகம்தான் இங்கே கை கொடுக்கிறது. ஆதிச் சூரிய வாயு ஆறியபோது துத்தநாகமும் கந்தகமும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் திடமாயின. ஆகவே பூமி இரண்டையும் ஒரே விகிதத்தில் இழந்திருக்க வேண்டும். மிகத் தொன்மையான கார்பன் விண்கற்களில் துத்தநாகம் பத்து லட்சத்தில் சுமார் 310 பங்கு, கவசத்தில் 55. துத்தநாகம் இரும்போடு போகாமல் கவசத்திலேயே தங்கியது என்று கொண்டால், கவசம் பூமியின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு என்பதால் மொத்தப் பூமிக்கு 37, அதாவது விண்கல்லில் உள்ளதில் 12 சதவீதம். அதே விண்கற்களில் கந்தகம் 5.4 சதவீதம். அதில் 12 சதவீதம் என்றால் பூமிக்கு 0.65 சதவீதம் வர வேண்டும். கவசத்தில் இருப்பதோ 0.025 சதவீதம்தான். மிச்சம் இரும்போடு கீழே இறங்கியிருக்கிறது. பூமியின் எடையில் மூன்றில் ஒரு பங்கான கருவில் அது சுமார் 2 சதவீதம். அடர்த்திக் குறைவில் ஒரு பகுதிக்குத்தான் அது போதும். துத்தநாகமும் கொஞ்சம் இரும்போடு போயிருந்தால் இந்த எண் கூடும். கணக்கின் பலவீனமான இடம் அதுதான்.

கந்தகம் எவ்வளவு இரும்போடு போகும் என்று பார்க்க ஆய்வகத்தில் இரும்பு, கந்தகம், சிலிக்கேட் (பாறைப் பொருள்) மூன்றையும் அழுத்தத்தில் உருக்கிச் சோதிப்பார்கள். பிளாட்டினக் குப்பியில் வைத்தால் உலோக உருகல் அதையே தின்றுவிடும். அதனால் கிராஃபைட்டோ மக்னீசியம் ஆக்சைடோதான் போடுவார்கள். சட்டென்று குளிர்வித்தாலும் உருகல் இரும்புக் கிளைகளாகவும் சல்பைடாகவும் பிரிந்துவிடும். ஊசிமுனை எலக்ட்ரான் கற்றையால் ஒரே புள்ளியை அளப்பவர்களுக்குத் தப்பான எண்தான் கிடைக்கும். கற்றையை அகலமாக்கிப் பல இடங்களில் எடுத்துச் சராசரி காண வேண்டும்.

மேற்பரப்பு அழுத்தத்தில் இரும்பு உருக 1538 டிகிரி செல்சியஸ் வேண்டும். கந்தகம் சேர்ந்த மிகக் குறைந்த உருகுநிலைக் கலவைக்கு 988 போதும். சிறுகோள்களில் இரும்பு சீக்கிரமே உருகி மையத்தில் சேர்ந்ததற்கு இது உதவியது. புதனில் ஆக்சிஜன் மிகக் குறைவு. அதனால் அங்கே கந்தகம் பாறையிலேயே தங்கிவிட்டது. புதனைச் சுற்றிவந்த மெசஞ்சர் விண்கலம் மேற்பரப்பில் 4 சதவீதம் வரை கண்டது. செவ்வாயின் கருவை அங்கே தரையிறங்கிய இன்சைட் விண்கலம் 2021ல் 1830 கிலோமீட்டர் ஆரம் என்று அளந்தபோது கந்தகத்தால் மட்டும் விளக்க முடியாத அளவுக்கு அது இலேசாக இருந்தது. 2023ல் அதன்மேல் உருகிய சிலிக்கேட் அடுக்கு தெரியவந்து ஆரம் 1650–1675 ஆகச் சுருங்கியதும், தேவைப்பட்ட இலேசான தனிமங்களின் அளவும் குறைந்தது.