இழை பிரிக்கும் மோட்டாரை நிறுத்துவது எப்படி? ஹெலிகேஸ் நொதிகள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி (பிளஸ் டூ மாணவி): மேடம், ஹைட்ரஜன் பிணைப்பு வலுக்குறைந்தது என்று படித்தோம். அப்படியானால் டி.என்.ஏ. இழைகளைப் பிரிக்கும் ஹெலிகேஸ் நொதிக்கு, செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. எதற்கு?

பதில்: தனித்தனியாகப் பார்த்தால் வலுக்குறைந்ததுதான் அம்மா. ஆனால் டி.என்.ஏ. ஏணியின் படிகளான காரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒட்டியிருக்கும் பிடிப்பும் அதோடு சேர்கிறது. பிரித்த இடமும் விட்டால் உடனே ஒட்டிக்கொள்ளும். அதனால் திறப்பது மட்டும் போதாது, திறந்துகொண்டே முன்னே போகவும் வேண்டும். ஹெலிகேஸ் ஓர் இழையைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் நகர்கிறது. மற்ற இழை வெளியே தள்ளப்படுகிறது. நொதியின் இரண்டு பாதிகளுக்கு நடுவே ஏ.டி.பி. உட்கார்ந்தால் அவை நெருங்கும், அது உடைந்ததும் விலகும். புழு ஊர்வதைப் பார்த்திருப்பீர்களே, அதே நகர்வுதான். சில பாக்டீரிய ஹெலிகேஸ்களில் ஓர் ஏ.டி.பி.க்கு ஒரு காரத் தூரம் நகர்கிறது என்று அளந்தே காட்டியிருக்கிறார்கள்.

திசையை மறந்துவிடாதீர்கள். இழையின் இரு முனைகளுக்கு 5′, 3′ என்று பெயர். ஈ.கோலி பாக்டீரியா டி.என்.ஏ. இரட்டிப்புக்குப் பயன்படுத்தும் ஆறு அலகு ஹெலிகேஸ் வளையம் 5′-லிருந்து 3′ நோக்கிப் போகும். நம் செல்லில் அதே வேலைக்கு உள்ள சி.எம்.ஜி. என்ற ஹெலிகேஸ் வளையம் 3′-லிருந்து 5′ நோக்கிப் போகும். வேலை ஒன்றுதான், ஆனால் இரண்டும் உட்காருவது வெவ்வேறு இழையில்.

கேள்வி: சிப்ரோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஹெலிகேஸைத் தடுக்கும் மருந்தா?

பதில்: இல்லை. அது தடுப்பது கைரேஸ், டோப்போஐசோமரேஸ் 4 என்ற வேறு இரண்டு பாக்டீரிய நொதிகளை. ஹெலிகேஸ் பிரித்துக்கொண்டே போகும்போது முன்னால் முறுக்கு ஏறும், டி.என்.ஏ.வை வெட்டி, முறுக்கைத் தளர்த்தி, மறுபடி ஒட்டுவது கைரேஸ். இழையைப் பிரிக்க ஹெலிகேஸ் டி.என்.ஏ.வை வெட்டுவதே கிடையாது.

கேள்வி (ஆய்வு மாணவர்): டபிள்யூ.ஆர்.என். என்ற மனித ஹெலிகேஸுக்கு ஒளிர்வுச் சோதனை அமைத்திருக்கிறேன், இழைகள் பிரிந்தால் ஒளிர்வு ஏறும். ஓர் இழையில் ஒளிர்பொருள், எதிர் இழையில் ஒளி அணைக்கும் குவென்ச்சர். ஏ.டி.பி. போடாத சோதனைத் தட்டுக் குழியிலும் ஒளிர்வு ஏறுகிறது. போதாததற்கு, மருந்துத் தொகுப்பை ஓட்டினால் ‘ஹிட்’ (நொதியைத் தடுப்பதாகத் தெரியும் சேர்மங்கள்) குவிகிறது. எங்கே தவறு?

பதில்: முதலில் ஏ.டி.பி. இல்லாமல் ஏறுவதைப் பார்ப்போம். பிரிந்த குவென்ச்சர் இழை திரும்ப ஒட்டாமல் இருக்க, அதைப் பிடித்து வைக்கும் இழையை 5 முதல் 10 மடங்கு போட்டிருப்பீர்கள். அதன் வரிசையைப் பாருங்கள். அது நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை இழை வாலுக்கும் பொருந்தினால், வாலில் தொற்றிக்கொண்டு நொதி இல்லாமலேயே இரட்டை இழையைப் பிரித்துவிடும். வால் பகுதியை விட்டு, இரட்டைப் பகுதிக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி வடிவமையுங்கள். இரட்டைப் பகுதி மிகக் குறுகியதாக இருந்தால் 37 டிகிரியில் தானாகவே உருகும்.

இந்த நொதிக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. டபிள்யூ.ஆர்.என். புரதத்தின் முன்பகுதி 3′ முனையிலிருந்து டி.என்.ஏ.வைக் கடித்துத் தின்னும் நியூக்ளியேஸ். ஹெலிகேஸ் பகுதியை மட்டும் தனியாக எடுங்கள், இல்லையென்றால் 84-வது குளூட்டமிக் அமிலத்தை அலனினாக மாற்றிய புரதத்தை எடுங்கள். 577-வது லைசினை மாற்றிய செயலற்ற புரதத்தையும் கூடவே ஓட்டுங்கள். அதிலும் ஒளிர்வு ஏறினால் உங்கள் புரதத்தில் வேறு நொதி கலந்திருக்கிறது.

அடுத்து ஹிட் குவியல். பெரும்பாலும் போலிதான், மனம் தளர வேண்டாம். டி.என்.ஏ. படிகளுக்கிடையே செருகிக்கொள்ளும் சேர்மங்கள் எந்த ஹெலிகேஸையும் நிறுத்தும். டி.என்.ஏ.வில் செருகி ஒளிரும் சாயமான எத்திடியம் புரோமைடை டி.என்.ஏ.விலிருந்து விரட்டுகிறதா என்று பார்த்தால் அவை மாட்டும். நிறமுள்ள சேர்மங்கள் ஒளிர்வையே விழுங்கும். ஏற்கெனவே பிரித்து வைத்த இழையோடு கலந்து பாருங்கள். திரண்டு கட்டியாகிப் புரதத்தை உறிஞ்சுபவை 0.01 சதவீதம் டிரைட்டான் எக்ஸ்-100 என்ற சோப்புப் பொருள் சேர்த்தால் பலமிழக்கும். நொதிக்குத் தேவையான மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்பவை, மெக்னீசியத்தை ஏற்றினால் தோற்கும். கடைசியாக ஏ.டி.பி.யைக் குறைவாகவும் 2–3 மில்லிமோலாரிலும் வைத்து இரண்டு முறை ஓட்டுங்கள். செல்லுக்குள் ஏ.டி.பி. மில்லிமோலார் அளவில் கொட்டிக் கிடக்கிறது. நொதியில் ஏ.டி.பி. உட்காரும் குழிக்காகப் போட்டியிடும் சேர்மம் குழாயில் ஜெயித்தாலும் செல்லில் தோற்கும். ஏ.டி.பி. குழியை விட்டு, இரண்டு பாதிகளும் அசையும் மூட்டைப் பூட்டும் மூலக்கூறைத் தேடுவதுதான் நல்ல வழி என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி (மருந்தாளுநர்): ஹெலிகேஸைத் தடுப்பதில் இதுவரை மருந்தாக வந்தது ஏதாவது உண்டா?

பதில்: உண்டு, அமெனமெவிர். அக்கிக்காக ஜப்பானில் 2017-இல் அனுமதி பெற்றது. அக்கியைத் தரும் ஹெர்பீஸ் குடும்ப வைரஸின் ஹெலிகேஸ்–பிரைமேஸ் கூட்டை அது நிறுத்துகிறது (பிரைமேஸ் என்பது புது இழையைத் தொடங்கிவைக்கும் நொதி). 200 மி.கி. மாத்திரை இரண்டு, தினமும் ஒரு வேளை, உணவுக்குப் பின், 7 நாள். அக்கிக்குக் கொடுக்கும் பழைய மருந்தான அசைக்ளோவிர் வேலை செய்ய, வைரஸின் தைமிடின் கைனேஸ் என்ற நொதி அதற்குப் பாஸ்பேட் ஏற்ற வேண்டும். அமெனமெவிருக்கு அது தேவையில்லை. அதனால் அந்தக் கைனேஸை இழந்து அசைக்ளோவிருக்கு அடங்காமல் போன வைரஸிலும் இது வேலை செய்யும். பெரும்பாலும் மலத்தில் வெளியேறுவதால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் வசதி. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினோடு கொடுக்கக் கூடாது. மூளைக்குள் சரியாகப் போகாது என்பதால் மூளையுறை பாதித்தால் இதை நம்பக் கூடாது. எந்த மருந்தானாலும், அக்கிக் கொப்புளம் தெரிந்ததும் 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. செம்மண் பூசிவிட்டு நாள் கடத்தாதீர்கள் என்று வருகிறவர்களிடம் சொல்லுங்கள்.

கேள்வி (செவிலியர்): டபிள்யூ.ஆர்.என். இல்லாமல் பிறந்தவர்களுக்கு வெர்னர் நோய். இளமையிலேயே முதுமை வருகிறது. அதையே புற்றுநோயில் தடுக்கலாமா?

பதில்: சரியான கவலை. டி.என்.ஏ. பிழைதிருத்தும் அமைப்பை இழந்த கட்டிகளில், அதாவது பெருங்குடல் புற்றில் சுமார் 15 சதவீதத்தில், ‘டி-ஏ, டி-ஏ’ என்று ஒரே காரங்கள் திரும்பத் திரும்ப வரும் பகுதிகள் நீண்டுபோகும். அவை சிலுவை வடிவில் மடங்கி இரட்டிப்பை மறிக்கும். அந்த மடிப்பை நீவிவிடுவது டபிள்யூ.ஆர்.என். அதை நிறுத்தினால் வேறொரு நொதி மடிப்புகளை வெட்டி, குரோமோசோமே நொறுங்கும். நலமான செல்லில் அந்த நீட்சி இல்லாததால் அது தாங்கிக்கொள்ளும். இந்தக் கட்டிகள் டபிள்யூ.ஆர்.என்.-ஐ நம்பியிருப்பது 2019-இல் வெளியானது. பின்னர் வந்த எச்.ஆர்.ஓ. 761 என்ற சேர்மம் ஹெலிகேஸின் இரு பாதிகளுக்கு இடையே புகுந்து அவற்றைத் தவறான நிலையில் பூட்டுகிறது. இது மனிதர்களில் சோதனைக் கட்டத்தில் இருக்கிறது.

பிறவியிலிருந்தே நொதி இல்லாதிருப்பதும், சில மாதம் மருந்தால் தடுப்பதும் ஒன்றல்ல. டபிள்யூ.ஆர்.என். மரபணுவின் ஒரு பிரதியில் மட்டும் பழுதுள்ள, வெர்னர் நோயாளிகளின் பெற்றோர்கள் நலமாகவே இருக்கிறார்கள். ஆனாலும் வெர்னர் நோயாளிகளுக்குச் சார்கோமா (எலும்பு, தசை போன்ற திசுக்களில் வரும் புற்று) கூடுதலாக வருவதால், மருந்து எடுத்தவர்களை நெடுங்காலம் கவனிக்க வேண்டும். உங்கள் நோயாளி இந்தச் சோதனையில் சேரலாமா என்று கேட்டால், முதலில் கட்டித் திசுவில் எம்.எஸ்.ஐ. (திரும்பத் திரும்ப வரும் பகுதிகள் நீளம் மாறியிருக்கின்றனவா என்று காட்டும்) பரிசோதனை முடிவு இருக்கிறதா என்று பாருங்கள்.