சாலையோரப் பாறைதானே என்று கிளம்பும் முன்

கேள்வி: உள்ளரங்கச் சுவரிலும் போல்ட் (கயிறு மாட்ட நிரந்தரமாக அடித்த ஆணி) அடித்த பாறைகளிலும் லீட் ஏறி, அதாவது கயிற்றைக் கொண்டுபோய் முதல் ஆளாக ஏறிப் பழகியிருக்கிறேன். வண்டியை நிறுத்திய இடத்திலேயே தொடங்கும் ஒரு பாறைக்கு நண்பருடன் போகப்போகிறேன். அங்கே போல்ட் கிடையாது. விரிசலில் செருகும் உலோக ஆப்பான நட், இதழ்கள் விரிந்து பிடிக்கும் கேம் எல்லாம் நாமே வைத்து ஏற வேண்டும். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: சாலையோரம் என்றால் நடை மிச்சம், அவ்வளவுதான். ஏறுவது அதனால் சுலபமாகிவிடாது. சொல்லப்போனால், சாலை சில தொல்லைகளையும் சேர்த்தே தருகிறது.

முதல் தொல்லை, பிலே செய்பவர் (கீழே கயிற்றைப் பிடித்து, ஏறுபவர் விழுந்தால் தாங்குபவர்) நிற்கும் இடம். போல்ட் பாறையில் இரண்டடி பின்னால் தள்ளி நின்று அண்ணாந்து பார்ப்பது பலருக்குப் பழக்கம். இங்கே அது ஆபத்து. ஏறுபவர் விழுந்ததும் கயிறு விறைத்து நேர்கோடாக முயலும். அப்போது அடியில் வைத்த நட்டை வெளியேயும் மேலேயும் இழுக்கும். நட் கீழ்நோக்கிய இழுப்பில்தான் இறுகும். மேலே இழுத்தால் வந்த வழியே கழன்றுவிடும். ஒன்று கழன்றால் அதற்கு மேலே உள்ளதும் ஜிப் மாதிரி வரிசையாகப் பிரியலாம். அதனால் நண்பரைப் பாறையடியிலேயே ஒட்டி நிற்கச் சொல்லுங்கள். சாலையோரத்தில் பின்னால் நகர்ந்தால் வண்டிகளுக்கு நடுவே போய் நிற்போம் என்பது தனிக்கதை. முதல் பிடிமானம் மேல்நோக்கிய இழுப்பையும் தாங்குவதாக இருக்கட்டும். நல்ல விரிசலில் உட்கார்ந்த கேம் பெரும்பாலும் போதும். கயிற்றின் மீதியைச் சாலைப் பக்கம் பரப்பாதீர்கள், ஏதாவது சக்கரத்தில் சிக்கும்.

அடுத்தது சத்தம். மேலே போனவர் கத்தும் நேரம் பார்த்துத்தான் லாரி போகும். உச்சியில் ஆங்கர் (கயிற்றை நிலையாகப் பிணைக்கும் பிடிப்பு) கட்டி நண்பரை ஏற்றுவதா, நடந்து இறங்குவதா என்பதைத் தரையிலேயே பேசி முடித்துவிடுங்கள். சொன்னது சரியாகக் கேட்கவில்லையா, பிலேயை எடுக்காமல் கயிறு விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கயிற்றை இழுத்துச் சைகை காட்டுவதை மட்டும் நம்பாதீர்கள். உராய்வில் எது சைகை, எது சும்மா இழுப்பு என்றே தெரியாது.

சரி, முதல் நாளே லீட் ஏறலாமா? வேண்டாம் என்பேன். அனுபவமுள்ள ஒருவர் பின்னால் ஏறி, அவர் வைத்ததையெல்லாம் நட் கீ என்ற கொக்கிக் கருவி கொண்டு கழற்றுங்கள். எது ஏன் பிடித்தது என்று அப்போது கைக்கே புரியும். அப்புறம் தரையில் நின்றபடி நீங்களே வைத்துப் பாருங்கள். கேமின் இதழ்கள் எல்லாமே பாறையைத் தொட வேண்டும். முழுக்கச் சுருக்கித் திணித்தால் திரும்ப எடுக்க வராது; முழுக்க விரிந்திருந்தால் நழுவிவிடும். பாறையை விரலால் தட்டும்போது வெற்றொலி வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். பிறகு லீட் ஏறும்போது, போல்ட் பாறையில் ஏறும் கடினத் தரத்தைவிட நன்றாக எளிதான பாதையில் தொடங்குங்கள்.

ஹெல்மெட் இருவருக்கும் கட்டாயம்.

மணற்கல் பாறையாக இருந்தால், மழைக்குப் பிறகு சில நாள் விட்டுப் போங்கள். மேலே காய்ந்து தெரிந்தாலும் உள்ளே ஈரமிருக்கும், கல் பலம் இழந்திருக்கும். கேம் சரியாகவே உட்கார்ந்திருந்தாலும் அதைச் சுற்றியுள்ள பாறை உடைந்து வந்துவிடும்.